ஆவணியில் குடித்த மண் மார்கழியில் குடிக்குமா?

தம்பி கேட்டிருப்பது இதுதான். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற றோட்டுப் பக்கம் முக்கால் ஏக்கர் காணி. முன்பக்கம் மேடு, பின்பக்கம் சரிந்துபோய் ஒரு சின்னக் குளத்து வயலில் முடிகிறது. கிணறு நடுவளவில். வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியாச்சு. மலசலகூடத்துக்குப் பின்மூலையில் எட்டடி ஆழத்துக்கு நாலடி அகலக் கொங்கிறீற் வளையம் இறக்கலாம் என்கிறார் மேசன். வெட்டிய குழிக்குள் இரண்டு பரல் தண்ணீர் ஊற்றினார்களாம், ஒரு மணித்தியாலத்தில் காணாமல் போய்விட்டதாம். "நல்ல மண், தண்ணியக் குடிக்குது" என்று அவர் சொன்னதை நம்பலாமா என்பது கேள்வி.

நம்ப வேண்டாம். மேசன் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் பார்த்தது ஆவணி மாதத்து மண்ணை. ஐந்தாறு மாதம் வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடக்கிற மண் இரண்டு பரல் என்ன, பவுசரோடு ஊற்றினாலும் குடிக்கும். நம் பக்கத்தில் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற 1,250 மி.மீ. சொச்ச மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். உங்கள் குழிக்குச் சோதனை அந்த மூன்று மாதத்தில்தான்.

இதை நான் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் கற்றேன். மீள்குடியேற்றக் காலத்தில் இரணைமடு வாய்க்கால் ஓரத்துக் குடியிருப்பு ஒன்றில் பத்துப் பன்னிரண்டு மலசலகூடங்களுக்கு நான் இடம் பார்த்துக் கொடுத்தேன். புரட்டாதி மாதம். குழி வெட்டி, தண்ணீர் விட்டு, மணிக்கூடு பார்த்து, தாளில் எழுதி எல்லாம் முறைப்படிதான் செய்தோம். அத்தனை குழியும் பாஸ். மார்கழி இரண்டாம் கிழமை ஒரு அம்மா போன் எடுத்தா: "தம்பி, ஊத்துற தண்ணி கீழ போகுதில்ல, மேல வருது." போய் மூடியைக் கழற்றினால் விளிம்புக்கு ஓரடி கீழே தண்ணீர் நிற்கிறது. அந்த வீட்டில் மூன்று பேர். மூன்று பேர் ஊற்றி இரண்டு மாதத்தில் நிரம்புகிற குழி இல்லை அது. சந்தேகத்தில் வளவுக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். கிணற்றிலும் அதே மட்டம். குழியை நிரப்பியது வீட்டுக்காரர் இல்லை, நிலத்தடித் தண்ணீர் வளையத்து ஓட்டைகளால் உள்ளே வந்திருக்கிறது. கழிவை உறிஞ்சுகிற கலி பவுசரைக் கூப்பிட்டு இழுத்தோம். காசு கொடுத்தோம். விடியப் பார்த்தால் பழையபடி.

அன்றைக்குப் பிறகு எந்தக் காணிக்குப் போனாலும் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைக் கடைசியாகத்தான் கேட்பேன். மார்கழியில் இந்த இடத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதுதான் முதற் கேள்வி.

அதற்குப் பதில் சொல்ல மார்கழி வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. மண்ணே எழுதி வைத்திருக்கிறது. குழியின் ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் மேலிருந்து கீழே ஒரு அங்குலம் செதுக்கி, புதிதாக்கிப் பாருங்கள். மண்வெட்டி வழித்த சுவரில் ஒன்றும் தெரியாது. உங்கள் பக்கத்து மேட்டுக்காணி என்றால் மேலே ஓரடிக்கு மங்கின மண், அதற்குக் கீழே செங்கபில மண், இரண்டடியை ஒட்டி வெள்ளைப் பருக்கைக்கல் கலந்த ஒரு படை, பிறகு இறுகின களி, கடைசியில் உக்கின கல் என்று வரும். செம்மையும் கபிலமும் ஒரே சீராக இருந்தால் அந்த ஆழம் வரைக்கும் காற்று போய்வருகிறது, மண்ணிலுள்ள இரும்பு துருப்பிடித்துச் சிவந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கிற இடத்தில் காற்று இருக்காது. இரும்பு கரைந்து வெளியேற மண் சாம்பல் நிறமாகிவிடும். தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்தில் சாம்பலுக்குள் செம்மஞ்சள் புள்ளிகள் விழும், பழைய தகரத்தில் துரு பிடித்த மாதிரி. அந்தப் புள்ளி மேலே எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் மாரித் தண்ணீர் மட்டம். சுவரில் அந்த இடத்தில் ஒரு ஆணி குத்தி வையுங்கள். இனி எல்லா அளவும் அந்த ஆணியிலிருந்துதான்.

கொஞ்சம் கவனம்: செம்மண்ணுக்குள் கறுப்பு, செம்பு நிறத்தில் கடுகளவு உருண்டைகள் கிடந்தால் அதுவும் அதே கதைதான். உருண்டை கையில் நசிந்து நிறம் ஒட்டினால் இப்போதும் தண்ணீர் ஏறி இறங்குகிறது. இரும்புக் குண்டு மாதிரி இறுகி இருந்தால் பழைய காலத்தது, அதை வைத்து முடிவு எடுக்க முடியாது.

மரங்களும் சொல்லும். பாலையும் வீரையும் நிற்கிற இடம் பெரும்பாலும் தண்ணீர் வடிகிற மேடு. மருது நின்றால், கோரை முளைத்திருந்தால், வயல்நண்டு வளை போட்டிருந்தால் வேறு சோதனையே வேண்டாம், குழியை வேறு பக்கம் கொண்டுபோங்கள். புற்று இருந்தால் கீழே தண்ணீர் ஊற்று இருக்கிறது என்று பெரியாட்கள் சொல்வார்கள். கிணற்றுக்கு அது எவ்வளவு உதவும் என்பது வேறு விஷயம், நான் அதை வைத்துக் குழிக்கு இடம் பார்ப்பதில்லை. அதைவிட அயலில் இருபது வருஷமாக இருக்கிற ஒருவரிடம் போய், 2018 மார்கழி வெள்ளத்துக்கு உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனையாம் கல்லில் நின்றது என்று கேளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அந்த மாரியை மறந்தவர் இல்லை. "கையால அள்ளலாம் போல நிண்டது" என்று பதில் வந்தால் உங்கள் ஆணி எங்கே இருக்கவேண்டும் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, குளத்துக்குக் கீழே, வாய்க்காலை ஒட்டி இருக்கிற காணிகளுக்கு வருஷத்தில் மாரி இரண்டு. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் வைகாசி, ஆனியிலும் நிலத்தடி மட்டம் ஏறும். மழை இல்லாமலே குழி நிரம்புகிறதே என்று ஆட்கள் திகைப்பது இதனால்தான். உங்கள் பின்வயலுக்கு அந்தச் சின்னக் குளத்திலிருந்து தண்ணீர் பாய்கிறதா என்று விசாரியுங்கள்.

சரி, ஆணி குத்தியாச்சு. ஊறுகுழியின், அதாவது கழிவுநீர் மண்ணுக்குள் ஊறுகிற குழியின், அடி அந்த ஆணிக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும்? அனர்த்த காலத்து நிவாரண வேலைகளுக்கான சர்வதேச வழிகாட்டியான ஸ்பியர் கைநூல் வைத்திருக்கிற கணக்கு 1.5 மீற்றர், அதாவது ஐந்தடி. குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து தூரம் 30 மீற்றர், நூறடி. இந்த ஐந்தடிதான் வடிகட்டி. கழிவுநீர் அந்த ஐந்தடிக் காய்ந்த மண்ணுக்குள் மெதுவாக இறங்கும்போதுதான் கிருமி மண்ணில் ஒட்டிச் சாகிறது. மண் தண்ணீரில் ஊறிக் கிடந்தால் கிருமி தண்ணீரோடு சேர்ந்து பக்கவாட்டில் போகும், போகிற திசை பெரும்பாலும் சரிவுப் பக்கம். நம் வளவுகளில் ஐம்பதடி விட்டால் போதும் என்கிற பேச்சு உண்டு. மேட்டில் கிணறும் பள்ளத்தில் குழியும் என்றால் ஐம்பதை நானும் ஒத்துக்கொள்வேன். குழி மேலே, கிணறு கீழே என்றால் நூறடிக்குக் குறைய விடமாட்டேன்.

இங்கேதான் வன்னிக் காணிக்கு ஒரு சிக்கல். எட்டடி வளையம் இறக்கி, அடிக்குக் கீழே ஐந்தடி விடுவதென்றால் மாரியிலும் பதின்மூன்று அடிக்குக் கீழே தண்ணீர் நிற்கவேண்டும். மாங்குளத்துப் பின்வளவில் அது நடக்காது. ஆகவே ஆழக் குழி என்கிற பழக்கத்தையே கொஞ்சம் மறக்கவேண்டியிருக்கிறது. இரண்டு, இரண்டரை அடி ஆழத்தில் நீளமாகக் கான் வெட்டி, சல்லி நிரப்பி, துளையிட்ட பைப் பதித்து, மேலே மண் மூடிவிட்டால், தாங்கியில் (செப்ரிக் ராங்) தெளிந்து வருகிற அதே தண்ணீர் பரந்த இடத்தில் மேல்மண்ணுக்குள் ஊறும். மேல்மண்தான் காற்றோட்டமுள்ள மண், வேர் உள்ள மண், வெயில் காய்ச்சுகிற மண். குழி என்றால் ஆழம் வேண்டும் என்று மேசன்மார் நிற்பார்கள், ஆழம் குறைந்தால் வேலையைக் குறைத்துவிட்டோம் என்று வீட்டுக்காரரும் நினைப்பார்கள். கதைத்துத்தான் மாற்றவேண்டும்.

இனி வேகம். மேசன் செய்த சோதனையில் இரண்டு பிழை: காய்ந்த மண்ணில் ஊற்றியது ஒன்று, பெரிய குழிக்குள் ஊற்றியது மற்றது. எட்டடிக் குழிக்குள் விட்ட தண்ணீர் எந்தப் படையால் போனது என்று யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் அந்தப் பருக்கைக்கல் படையால் பக்கவாட்டில் ஓடியிருக்கும்.

கான் வரப்போகிற இடத்தில், கானின் அடி ஆழத்துக்கே, ஓரடி அகலத்தில் சின்னக் குழிகள் வெட்டுங்கள். குறைந்தது மூன்று, ஒன்றுக்கொன்று இருபதடி தள்ளி. ஈரக் களியில் அலவாங்கும் மண்வெட்டியும் சுவரைப் பூசி மெழுகின மாதிரி மினுங்க வைத்துவிடும். அந்த மினுக்கத்தை ஒரு ஆணியாலோ கத்தியாலோ சுரண்டிச் சொரசொரப்பாக்கவேண்டும், இல்லாவிட்டால் நல்ல மண்ணும் குடிக்காது. உதிர்ந்த மண்ணை வெளியே அள்ளிப்போட்டு, அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சின்னச் சல்லி போடுங்கள். பிறகு சல்லிக்கு மேலே ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, குறையக் குறைய நிரப்பி, இரவு முழுக்க ஊற விடுங்கள். பொறுமை இல்லாதவர்கள் பிழைவிடுவது இங்கேதான். களி தண்ணீரைக் குடித்துப் பருத்து, வெடிப்புகள் மூடின பிறகுதான் மார்கழி மண்ணுக்குக் கிட்ட வரும். உங்கள் மண் வெடித்துக் கிடக்கிறது என்றால் இரண்டு இரவு ஊறப்போடுங்கள்.

அடுத்த நாள் காலை தண்ணீர் இன்னும் நின்றால் அதை சல்லிக்கு மேலே ஆறு அங்குலத்துக்குச் சரிசெய்து, அரை மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்கியது என்று ஒருமுறை அளந்தால் போதும். நிற்கவில்லை என்றால் ஆறு அங்குலத்துக்கு நிரப்பி, அரை மணிக்கொரு தடவை அளந்து மறுபடி நிரப்பி, நாலு மணித்தியாலம் செய்யுங்கள். கடைசி அரைமணிக் கணக்குத்தான் கணக்கு. குழி வாயில் ஒரு பலகையைக் குறுக்காக வைத்து, அதில் ஒரு கீறு போட்டு, எப்போதும் அந்தக் கீறிலிருந்தே தண்ணீர் வரைக்கும் அளவுகோலைப் பிடியுங்கள். குழி விளிம்பு மண்ணிலிருந்து அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும். பொடியன் ஒருவனை மணிக்கூட்டோடு இருத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம், ஆனால் அளக்கும்போது நீங்களே நில்லுங்கள்.

வருகிற எண்ணை என்ன செய்வது? ஒரு அங்குலம் (25 மி.மீ.) இறங்க எத்தனை நிமிடம் என்று மாற்றுங்கள். அரைமணியில் 30 மி.மீ. இறங்கினால் அங்குலத்துக்கு 25 நிமிடம். இந்தியத் தர நியமத்தில் உள்ள சூத்திரம் ஒன்று நம் மண்ணுக்கும் வசதியானது: 204ஐ அந்த நிமிடத்தின் வர்க்கமூலத்தால் பிரியுங்கள், ஒரு சதுர மீற்றர் மண் ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் குடிக்கும் என்று வரும். 25இன் வர்க்கமூலம் 5. 204ஐ 5ஆல் பிரித்தால் ஏறக்குறைய 41 லீற்றர். இரவு முழுக்க நல்ல தண்ணீரை அப்படி விழுங்கின மண் நாளைக்கு 41 லீற்றர்தானா என்று கேட்பீர்கள். கழிவுநீர் போகப் போக மண்முகத்தில் கறுப்பாகச் சளி மாதிரி ஒரு படை பிடிக்கும். பிறகு அந்தப் படை விடுகிற அளவுதான் போகும். அதை எதிர்பார்த்துப் போட்ட கணக்கு இது.

உங்கள் வீட்டில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். குளியல், குசினி, உடுப்புத் தோய்க்கிற தண்ணீர் எல்லாம் குழிக்கே போனால் ஆளுக்கு 100 லீற்றர், மொத்தம் 500. மோட்டர் போட்ட வீட்டில் அது குறைந்த கணக்கு. 500ஐ 41ஆல் பிரித்தால் 12 சதுர மீற்றர். இரண்டடி அகலக் கான் என்றால் 20 மீற்றர், அறுபத்தைந்து அடி நீளம். மேசன் சொன்ன நாலடி வளையக் குழியில், உள்வரும் பைப்புக்குக் கீழே ஐந்தடி வேலை செய்கிறது என்று வைத்தாலும் சுவர் பரப்பு ஆறு சதுர மீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தேறும். பாதிகூட இல்லை. மாரியில் தண்ணீர் நிலமட்டத்துக்கு மூன்றடி கீழே வரைக்கும் ஏறினால் அந்த ஆறும் பூச்சியம்.

இப்போது குளியல் தண்ணீரையும் குசினித் தண்ணீரையும் வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடுங்கள். வாளியால் ஊற்றுகிற மலசலகூடத் தண்ணீர் மட்டும் ஆளுக்கு 30 லீற்றர், மொத்தம் 150. நாலு சதுர மீற்றருக்கும் குறைவு, இருபது அடிக் கான் போதும். வளையத்துக்குச் செலவழிப்பதைவிட இந்த ஒரு பைப்பைப் பிரித்து விடுவது லாபம். எண்ணெய்த் தண்ணீர் போகிற இடத்தில் ஒரு சின்னப் பெட்டி கட்டிக் கொழுப்பைப் பிடித்துவிட்டால் வாழையடி நாறாது.

அங்குலத்துக்கு 60 நிமிடத்தைத் தாண்டினால் ஊறவைக்கிற யோசனையே வேண்டாம். மன்னாரில் முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களி அப்படி. கோடையில் கை விடலாம் போல வெடித்துக் கிடக்கும், முதல் மழைக்கு மூடிக்கொள்ளும், பிறகு ஒரு சொட்டு இறங்காது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒருகாலத்தில் களி போனது அங்கிருந்துதான். அந்த மண்ணுக்கு, வெளியிலிருந்து மணல்கலந்த மண் கொண்டுவந்து மேடு கட்டி, மேட்டுக்குள் கான் போடவேண்டும். அல்லது அடைத்த தாங்கி கட்டிக் காலத்துக்குக் காலம் பவுசரால் இழுக்கவேண்டும். அடைத்த தாங்கியை மாரியில் முழுக்க இழுத்து வெறுமையாக்க வேண்டாம், கீழிருந்து வருகிற தண்ணீர் தாங்கியையே தூக்கிவிடும்.

மறுபக்கம், அங்குலத்துக்கு ஒரு நிமிடம்கூட எடுக்காமல் தண்ணீர் மறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். முல்லைத்தீவுக் கரையோர மணலில் அப்படித்தான் போகும். அத்தனை வேகமாகப் போகிற தண்ணீரை மண் வடிகட்டவில்லை, பக்கத்துப் பூவலுக்கு (மணலில் தோண்டின சின்னக் கிணறு) கொண்டுபோய்க் கொடுக்கிறது. வவுனியாப் பக்கம் உக்கின கல்லின் வெடிப்பில் குழி மாட்டினாலும் இதே ஆபத்துத்தான். குழி ஒருநாளும் நிரம்பாது, வீட்டுக்காரர் பெருமைப்படுவார், கீழ்வளவுக்காரரின் பிள்ளைக்கு வயிற்றோட்டம் நிற்காது.

கையால் ஒரு சோதனையும் சொல்லிவிடுகிறேன், நான் இன்னும் செய்வது. அந்த ஆழத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து, கல் பொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மா மாதிரிப் பிசையுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நாடாவாகத் தள்ளுங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். ஒரு அங்குலத்தில் அறுந்தால் ஊறவைக்கத் தோதான மண். இரண்டு அங்குலம் தாண்டியும் அறாமல் மினுங்கிக்கொண்டு தொங்கினால் களி. தண்ணீர்ச் சோதனைக்கு ஒன்று, கைக்கு வேறொன்று என்று வந்தால் நான் கையைத்தான் நம்புவேன். தண்ணீர்ச் சோதனையில் எங்கேயோ ஒரு வெடிப்போ எலிவளையோ ஏமாற்றியிருக்கும்.

உங்கள் காணிக்கு வருவோம். பின்மூலை வேண்டாம். மேசனின் தண்ணீர் ரியூப்பால் முன்மேட்டுக்கும் பின்மூலைக்கும் மட்டம் பிடித்துப் பாருங்கள். நாலைந்து அடி வித்தியாசம் இருந்தால் முன்பக்க ஓரத்தில் கானுக்கு இடம் தேறும். கிணறு நடுவளவில், அதாவது கானுக்குக் கீழே இருப்பதால் நூறடி பிடித்தாகவேண்டும். முக்கால் ஏக்கரில் அது முடியும், ஆனால் அயல்வளவுக் கிணற்றையும் சேர்த்து அளக்க மறக்காதீர்கள். கானைச் சரிவுக்குக் குறுக்காக, அடி மட்டமாக வெட்டவேண்டும். சரிவோடு வெட்டினால் தண்ணீர் முழுக்கக் கடைசி முனைக்குப் போய் அங்கே பொங்கும். கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் வராமல் ஒரு சின்ன வரம்பு. அதற்கு மேலே உழவு மெசின் ஏறக்கூடாது, தென்னை வைக்கக்கூடாது, புல்லு வளரட்டும். கானுக்கு முன்னால் வருகிற தாங்கியின் அளவுக்கு இலங்கைத் தர நியமம் எஸ்.எல்.எஸ். 745 இருக்கிறது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் வரைபடத்தோடு இந்தச் சோதனைத் தாளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பின்மூலையில் வெட்டிய குழியை உடனே மூட வேண்டாம். கன்று, பிள்ளை விழாமல் சுற்றி முள்ளுக்கம்பி அடித்து, நடுவில் ஒரு தடியை நட்டு அடிக்கணக்கில் பெயின்ற் கீறு போடுங்கள். ஐப்பசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் எந்தக் கீறில் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். தை முடிய மேசனைக் கூப்பிட்டு அந்தக் கொப்பியைக் காட்டிவிட்டுக் குழியை மூடுங்கள்.